ஓவர்லேண்டிங் தொடங்க எவ்வளவு ஆகும்? குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த வண்டியில், படுக்கையையும் அடுப்பையும் தண்ணீரையும் கூடவே ஏற்றிக்கொண்டு, நாலைந்து நாளோ ஒரு மாதமோ ஊர் ஊராகப் போவதற்குத்தான் ஓவர்லேண்டிங் என்று பெயர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இதில் ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆசையைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் கேட்பது செலவைத்தான். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விலைகள் கடைக்குக் கடை மாறும். எல்லாமே சுமார் கணக்கு.

ஆரம்பிக்கக் கையில் எவ்வளவு வேண்டும்?

ஓடுகிற நிலையில் ஒரு கார் ஏற்கெனவே வீட்டில் நின்றால், இரண்டு பேருக்கு 20,000 ரூபாய் போதும்.

தரையில் போடும் கூடாரம், மூன்று பேர் அளவு, 4,000. அதற்கு மேலே இழுத்துக் கட்ட 12-க்கு 18 அடி தார்ப்பாய் 1,500. படுக்க இரண்டு ஃபோம் விரிப்பு 1,600. கேஸ் டின் போட்டு எரிக்கும் ஒற்றை அடுப்பு 1,800, டின் இரண்டு 400. ஐஸ் பெட்டி 2,000. குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு 700. தலையில் மாட்டும் விளக்கு இரண்டு 800. டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பு 2,500, பங்க்சர் கிட் 400, ஜம்பர் கேபிள் (செத்த பேட்டரியை இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்க) 800, ஒரு கிலோ தீயணைப்பான் 1,000, முதலுதவிப் பெட்டி 500, இழுவைப் பட்டை 1,000. கூட்டினால் 19,000. மிச்சம் ஆயிரத்தை மறந்துபோகும் பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது மறக்காமல் யாரும் கிளம்புவதில்லை.

பாத்திரம், போர்வை, தலையணை, கத்தி, சாயா வடிகட்டி எல்லாம் வீட்டு அடுக்களையிலிருந்தே வரட்டும். பயணத்துக்கென்று தனியாக எடை குறைந்த டைட்டானியம் பாத்திரம் விற்கிறார்கள். முதுகில் சுமந்து மலையேறுகிறவருக்கு அது தேவை. பாரத்தைக் கார் சுமக்கும்போது பழைய அலுமினியச் சட்டியே தாராளம்.

காணொளிகளில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று சொல்கிறார்களே என்றால், அதுவும் பொய்யில்லை. பல வருஷம் சுற்றியவரின் வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பொருள்களின் மொத்த விலை அது. முதல் நாளே அதை ஒரே பில்லில் வாங்க வேண்டியதில்லை.

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஜீப் ஏதாவது வாங்கினால்தான் முடியுமா? என்னிடம் இருப்பது பழைய வேகன்ஆர்.

வேகன்ஆரிலேயே கிளம்புங்கள். இந்தியாவில் ஓவர்லேண்டிங் என்று போகும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரிலிருந்து 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. அதில் நாலு சக்கர இழுவை (4x4) கேட்கும் இடம் எதுவும் இல்லை. தரை இடைவெளி குறைந்த காரில் தவிர்க்க வேண்டியது கடைசி இரண்டு கிலோமீட்டர் எஸ்டேட் பாதைகளை மட்டும்தான். அங்கே உள்ளூர் ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம்.

காருக்குள்ளேயே படுக்க நினைப்பவர்கள் பின் சீட்டை மடக்கி, மேலே பலகை போட்டுக்கொள்ளலாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு ஷீட், ஆசாரி கூலி, கீல், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 5,000 முதல் 7,000 வரை வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பதப்படுத்தாத ரப்பர் மரப் பலகையில் செய்துவிடாதீர்கள். பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும். ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். இன்னொன்று, சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகை அடிப்பது ஆர்.சி.யில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையோடு மோதும். மடக்கின சீட்டின் மேல் வைத்து எடுக்கும்படி செய்வதுதான் வம்பில்லாத வழி. மெத்தைக்கு மெத்தைக் கடையில் அளவு கொடுத்தால் ஃபோமை வெட்டித் தருவார்கள்.

சரி, வண்டியில் முதல் பணத்தை எதில் போடுவது?

டயரில். இரண்டாவதும் டயரில்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் பேட்டரியும் பிரேக்கும் கோபித்துக்கொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் உருளும் மேடுபள்ளப் பகுதி) தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும், ஐந்தாறு வருஷம் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். குமரியில் கார் வைத்திருக்கும் பலர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவர்கள். அந்த வண்டிகளின் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே கிழடாகிவிடுகிறது. அதை நம்பி மே மாத வெயிலில் மதுரை தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் இரண்டு கேன் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போனால் வெடிப்பதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

சாதாரணக் காருக்கு நல்ல டயர் நாலும் 16,000 முதல் 24,000 வரை. பொலேரோ, ஜிம்னி மாதிரி வண்டிக்கு மண்சாலைக்கும் ஏற்ற ஏ.டி. டயர் போட்டால் 30,000 முதல் 45,000 வரை போகும். ஸ்டெப்னியையும் பாருங்கள். அதில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பங்க்சர் கிட்டை வாங்கினதும் டிக்கியில் எறிந்துவிடாமல், வீட்டு முற்றத்தில் ஒரு பழைய டயரில் துளைபோட்டுக் குத்திப் பழகுங்கள். அந்த ரப்பர் திரியை உள்ளே தள்ளக் கையில் வேண்டிய பலம் காணொளியில் தெரியாது. பட்டனில் ஆணி ஏறினால்தான் திரி பலிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

கூரைக் கூடாரம் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். காரின் மேலே மாட்டி விரிக்கும் அந்தக் கூடாரத்தின் விலை 80,000-இல் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேலே போகிறது. விலையைவிடப் பெரிய சிக்கல் எடை. கூடாரமே 45 முதல் 70 கிலோ. அதைத் தாங்கும் கேரியர் இன்னொரு 20 கிலோ. உங்கள் காரின் கையேட்டைத் திறந்து கூரைப் பாரம் என்ற வரியைப் படியுங்கள். பல கார்களில் 50 முதல் 75 கிலோதான். சிலதில் அதுவும் கிடையாது. அந்த எண் ஓடும்போது தாங்கும் பாரத்துக்கானது, நிற்கும்போது அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கூடாரம் ஓடும்போதும் மேலேதான் இருக்கிறது. வளைவில் வண்டி சாய்வது கூடும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும், வீட்டு போர்ட்டிகோவுக்குள் நுழையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கக் காற்று அடிக்கும் நாளில் அதை மேலே வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தரைக் கூடாரம் நம்ம ஊர் காற்றுக்கும் மழைக்கும் நிற்குமா?

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். முப்பந்தலில் காற்றாலைகளைக் காடு மாதிரி நட்டு வைத்திருப்பது சும்மாவா? ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமும் கடற்கரையிலும் மலிவுக் கூடாரம் போடுவது காசைப் பறக்கவிடுகிற வேலை. மலையோரம் போனால் காற்று குறையும், ஆனால் அங்கே தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையையும் நன்றாக வாங்கும் மாவட்டம் இது. சென்னைக்காரர் எழுதிய கூடாரப் பரிந்துரை இங்கே அப்படியே பொருந்தாது. ஜனவரி முதல் மார்ச் வரை பழகுங்கள், அதுதான் பொறுமையான காலம்.

கூடாரத்தோடு வரும் முளைகள் சின்ன எல் வடிவக் கம்பிகள். செம்மண்ணில் பிடிக்கும், கடல் மணலில் நிற்காது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத வழி இருக்கிறது. வெறும் அரிசிச் சாக்கில் பாதி அளவு மணல் அள்ளி, வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே கூடாரக் கயிற்றை முடியுங்கள். மம்பட்டியால் முழங்கால் ஆழம் குழி தோண்டிச் சாக்கைக் குறுக்காகப் படுக்கவைத்து மூடி, மேலே ஏறி மிதியுங்கள். கயிறு மணலுக்கு வெளியே சாய்வாக வர வேண்டும்; நேராக மேலே இழுத்தால் சாக்கு எழும்பி வந்துவிடும். நாலு மூலைக்கு நாலு சாக்கு. கிளம்பும்போது மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மடித்து வைத்தால் அடுத்த நாள் காலடி மிதியடியாகவும் ஆகும்.

மழைக்குக் கூடாரத் துணியை மட்டும் நம்ப வேண்டாம். தார்ப்பாயைக் கூடாரத்தில் படாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே கட்டுங்கள், ஒரு பக்கம் தாழ்வாக. தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். 1,500 ரூபாய் தார்ப்பாய் சேர்ந்த 4,000 ரூபாய்க் கூடாரம், தனியாக நிற்கும் 12,000 ரூபாய்க் கூடாரத்தைவிட நம்ம மழைக்கு ஏற்றது.

மீன்பிடிக் கடைகளில் மலிவாக வாங்கலாம் என்கிறார்களே, எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது?

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம். துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு அப்புறம் ஆன்லைனில் தேடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. நாள்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் வாங்கும் பொருள், உப்பிலும் வெயிலிலும் நிற்கும்படி செய்தது. அதே பொருளுக்கு ஆலிவ் பச்சை நிறமும் ஒரு பெயரும் சேர்ந்தால் விலை மூன்று மடங்கு.

ஐஸ் பெட்டி, கனமான தார்ப்பாய், தண்ணீர் கேன், மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம், மழைக்கோட்டு, கட்டுக் கயிறு: இத்தனையும் கண்ணை மூடி வாங்கலாம். தலைவிளக்குக்குக் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் போங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே தோட்டத்தில் இறங்குகிறவர்கள்; தினமும் தலையில் மாட்டி உழைக்கிற சார்ஜ் விளக்கு அங்கே 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். எந்த விளக்கு எத்தனை மாதம் நிற்கும் என்று கடைக்காரரே சொல்லுவார். சட்டி, பக்கெட், சாக்கு, சணல் எல்லாம் கோட்டாறு கடைத்தெருவில்.

வாங்கக்கூடாத ஒன்று உண்டு: வண்டியை இழுக்க அந்தக் கயிறு. துறைமுகத்தில் அதிகம் விற்பது தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு. தார்ப்பாய் கட்ட அருமையானது. புதைந்த காரை வெடுக்கென்று இழுக்கும்போது அது போதுமான அளவு நீண்டு கொடுக்காது. வெயிலில் கிடந்து நைந்ததாக இருந்தால் அறுந்து சாட்டை மாதிரி திரும்பி வரும். முனையில் இரும்புக் கொக்கி இருந்தால் அது உயிரைக் குடிக்கும். இழுவைக்கு நைலான் பட்டையோ, அதற்கென்றே நன்றாக நீண்டு கொடுக்கும்படி செய்த கைனெட்டிக் கயிறோதான். கைனெட்டிக் கயிறு 4,000 முதல் 8,000, எடை அளவு பொறித்த ஷாக்கிள் (பட்டையை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்) ஒன்று 300 முதல் 600.

வண்டி பிரிட்ஜ் தேவையா?

பணம் மிஞ்சுகிறவர்களுக்குத் தேவை. 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் 25,000 முதல் 50,000. ஆனால் விலை அதோடு முடியாது. ஓடும்போது 45 வாட் இழுக்கும் என்று வையுங்கள். நம்ம சூட்டில் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினாலும் ஒரு நாளைக்கு 430 வாட் மணி வரும். 12 வோல்ட்டுக்கு அது 36 ஆம்பியர் மணி. சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35, 40 தான். இரவெல்லாம் பிரிட்ஜ் ஓடினால் காலையில் சாவியைத் திருப்பும்போது டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்கும். ஆகவே இரண்டாவது பேட்டரி வேண்டும்: 100 ஆம்பியர் மணி லித்தியம் என்றால் 25,000 முதல் 40,000. அதை ஓடும்போது சார்ஜ் செய்யத் தனிச் சார்ஜர், ஃப்யூஸ், தடித்த ஒயர், கூலி. பிரிட்ஜ் ஆசை ஏறத்தாழ ஒரு லட்சத்தில் போய் நிற்கும்.

இதற்குப் பதில் ஐஸ் பெட்டி. துறைமுக ஊர்களில் ஐஸ் கம்பெனி இருக்கும், கட்டியாகக் கேட்டு வாங்குங்கள்; பொடித்த ஐஸ் சீக்கிரம் கரையும். அந்த ஐஸ் மீனுக்குப் போடுவது, குடிக்கிற தண்ணீரில் செய்ததல்ல. சர்பத்தில் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுப் பொருளை மூடி இறுகின டப்பாவில் வைத்துத்தான் உள்ளே இறக்க வேண்டும். முந்தின இரவே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிர வைத்துவிட்டு, காலையில் அதைக் கொட்டிப் புது ஐஸ் நிரப்பினால் இரண்டு நாள் தாராளமாக வரும். கருவாடு, ஏத்தங்காய் சிப்ஸ், மட்டிப்பழம், அவித்த மரச்சீனி என்று நம்ம ஊர்ச் சாமான் பாதிக்குக் குளிர்ச்சியே தேவையில்லை.

சமையலுக்கு எந்த அடுப்பு?

முன்னே சொன்ன கேஸ் டின் அடுப்பு. ஒரு டின் முழுத் தீயில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் எரியும். இரண்டு பேருக்குக் காலைச் சாயா, ராத்திரிக் கஞ்சி என்றால் இரண்டு நாள் ஓடும். காற்றுத் தடுப்பு இல்லாமல் பாதி வாயு வீண். டின்னுக்குள் இருப்பது பியூட்டேன்; அது பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாக மறுக்கும். குமரியில் அந்தக் கவலை கிடையாது, லடாக் போகிறவர்கள் புரொப்பேன் கலந்த டின் தேட வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு 5 கிலோ சிலிண்டர் சிக்கனம், சில பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கும். நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், வெயிலில் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். மழை என்று கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ எந்த அடுப்பும் பற்றவைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

வின்ச் வேண்டுமா?

வின்ச் என்பது வண்டியில் மாட்டி, வடத்தைச் சுற்றிப் புதைந்த வண்டியை இழுக்கும் மோட்டார். தனி ஆளாக, சகதிக் காட்டுப் பாதையில், நாலு சக்கர இழுவை வண்டியில் போகிறீர்களா? இல்லையென்றால் வேண்டாம். வின்ச் 25,000 முதல் 60,000, அதை மாட்டத் தனி பம்பர், முழுப் பாரத்தில் 300 ஆம்பியருக்கு மேல் கேட்பதால் நல்ல பேட்டரி. ஒரு மம்பட்டி 500 ரூபாய். மணலிலோ சேற்றிலோ மாட்டினால் முதலில் ஆக்சிலேட்டரை விடுங்கள், டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், சக்கரத்தின் முன்னால் தோண்டிச் சரிவு செய்யுங்கள், பச்சைத் தென்னை மட்டையை அடியில் கொடுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்பக் காற்று நிரப்ப வேண்டும், அதற்குத்தான் அந்த 2,500 ரூபாய் பம்பு.

பம்பர், கேரியர், லைட் பார் போட்டால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கும், அதுவும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதிகம் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததற்கும் பதிவுச் சான்றில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளான கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தக் கம்பி மோதலின் அதிர்ச்சியை நேராக வண்டிச் சட்டத்துக்குக் கடத்தும், ஏர்பேக் சென்சாரையும் ஏமாற்றும். நடந்து போகிறவரின் காலையும் முறிக்கும்.

15,000 கொடுத்து பம்பர் போட்டு, அபராதம் கட்டி, கழற்றவும் கூலி கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் டயர் வாங்கலாம். கூடுதல் லைட்டைப் பொதுச்சாலையில் எரியவிட்டால் எதிரே வருகிறவரின் கண் போகும். வண்டியில் எதைச் சேர்த்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்துப் பணம் கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

மாவட்டத்துக்குள்ளேயே எங்கே தங்கி ஒத்திகை பார்க்கலாம்?

முதலில் முடியாத இடங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு, காளிகேசம், மாறாமலைப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், சுமார் 400 சதுர கிலோமீட்டர். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதும் தங்குவதும் தீ மூட்டுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. காட்டில் நடக்க ஆசை என்றால் 2024-இல் அரசு தொடங்கிய முன்பதிவுத் திட்டத்தின் வழியாக வழிகாட்டியோடு போகலாம். ராத்தங்கலுக்கு அது வழியில்லை.

முடிகிற இடங்கள் தனியார் நிலம். திற்பரப்பு, குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டமோ வாழைத் தோட்டமோ வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. “மாமா, ஒரு ராத்திரி வண்டியைப் போட்டுக்கிடட்டா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், சிரிப்பார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அடம்பிடிப்பார். அடுப்பைச் சோதிக்கத்தான் வந்தோம் என்று அவருக்குப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் ஆலய வளாகம் விசாலமாக இருக்கும். பங்குத்தந்தையிடம் பகலிலேயே கேட்டு அனுமதி வாங்கினால் பாதுகாப்பான இடம், பக்கத்தில் கழிப்பறையும் இருக்கும்.

இந்த ஒத்திகைக்குச் செலவு பெட்ரோல் மட்டும். எது தேவையில்லை என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிடுவதால், அடுத்த மாதம் செய்யவிருந்த செலவில் பாதி மிச்சம்.

கடற்கரை மணலில் காரை இறக்கலாமா?

சொத்தவிளையிலும் கணபதிபுரத்திலும் படம் எடுக்க இறக்குகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வள்ளம் ஏற்றுகிறவர்களுக்கும் வலை உலர்த்துகிறவர்களுக்கும் அது வேலை செய்யும் இடம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரையும் அதுதான். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் குஞ்சு விழுந்தால் ஏறி வராது. செலவுக் கணக்கிலும் நட்டம்: உப்பு மணல் அடிப்பாகத்தில் ஒட்டினால் துரு. கடலோரத்தில் வசிப்பவர்கள் வண்டிக்கு அடிப்பூச்சு அடிக்க 3,000 முதல் 5,000 ஒதுக்குவது எப்படியும் நல்லது. பயணம் முடிந்து வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பைக்கில் என்றால்?

10,000-க்குள் முடியும். பக்கப் பைகள் 3,000 முதல் 5,000, ஒற்றைக் கூடாரம் 3,000, மீதி வீட்டுச் சாமான். ஆனால் தலைக்கவசத்திலும் மழை உடையிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்தால்?

பெரிய செலவே இதுதான். நாம் நாட்டின் தென்கோடியில் இருக்கிறோம். எங்கே போனாலும் வடக்கே போய்த்தான் ஆக வேண்டும், தமிழ்நாட்டைத் தாண்டவே ஒரு பகல் போய்விடும். நாகர்கோவிலிலிருந்து ஹம்பி போய் வர ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 133 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 13,300. முதல் கேள்வியில் சொன்ன மொத்தச் சாமான் விலையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே பயணத்தில் புகையாகப் போகிறது. கூரையில் கேரியரும் பெட்டியும் ஏற்றினால் இன்னும் பத்து சதவீதம் வரை கூடும். ஆகவே சாமானைக் குறைப்பது வாங்கும்போது ஒரு தடவையும், ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் மிச்சம்.

வடக்கே போகும் வழியில் டோல் வரிசையாக வரும். தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 கடப்புகள் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும் செல்லும். வருஷத்துக்கு இரண்டு நீண்ட பயணம் போனாலே அது லாபம்.

குடும்பத்தோடு போனால் கூடுதலாக என்ன?

கழிப்பறை. இதைப் பற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, ஆனால் பெண்களும் குழந்தைகளும் இரண்டாவது பயணத்துக்கு வருவார்களா என்பதை முடிவு செய்வது இதுதான். ஆள் நிற்கும் உயரத்தில் மடக்குக் கூடாரம் 1,500 முதல் 2,500. மூடியும் இருக்கையும் உள்ள பக்கெட் 800 முதல் 1,500, உள்ளே தடித்த பையும் மரத்தூளும். குளிக்கவும் அதே கூடாரம். இரவில் எழுந்து போக வெளியே ஒரு சின்ன விளக்கு எரிந்தபடி இருக்கட்டும். தண்ணீர்க் கணக்கையும் கூட்டுங்கள்: குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாள் ஐந்து லிட்டர். கொசுவலை வைத்த கூடாரமாகப் பார்த்து வாங்கியிருந்தால் மற்றபடி பெரிய செலவு இல்லை.

வண்டியோடு வெளிநாடு போகலாமா?

நேபாளம், பூட்டானுக்குக் கார்னே (வண்டியைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சுங்க ஆவணம்) தேவையில்லை; நேபாள எல்லையில் நாள் கணக்கில் வரி கட்டி உள்ளே போகலாம். கார்னே கேட்கும் நாடுகளுக்கு வண்டி விலையைப் பொறுத்து வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். அது லட்சங்களில் போகும் வேறு கதை.

பழைய சாமான் வாங்கலாமா? விற்றால் விலை போகுமா?

கூரைக் கூடாரம், பிரிட்ஜ், வின்ச் மூன்றையும் பழசாகவே வாங்குங்கள். ஆர்வத்தில் வாங்கி ஒன்றிரண்டு தடவை மட்டும் விரித்தவர்கள் கொச்சி, பெங்களூர், சென்னையில் நிறைய இருக்கிறார்கள். பாதி விலைக்குக் கூட வரும். கூடாரத்தை விரித்துக் காட்டச் சொல்லித் தையலிலும் ஜிப்பிலும் பூஞ்சை மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். பிரிட்ஜை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பெருநகரங்களில் இவை வாடகைக்கும் கிடைப்பதால், வாங்கும் முன் ஒரு வாரம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பழசாக வாங்கவே கூடாதவை டயர், இழுவைக் கயிறு, தீயணைப்பான், லித்தியம் பேட்டரி. வெளியிலிருந்து பார்த்து இவற்றின் உள் நிலையைச் சொல்ல முடியாது.

விற்கும்போது கூடாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐஸ் பெட்டியும் தார்ப்பாயும் தண்ணீர் கேனும் விற்க நேராது. வீட்டில் ஒரு கல்யாணமோ சடங்கோ வந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வருமா என்பது உங்கள் சொந்தக்காரர்களைப் பொறுத்தது.